ஐம்பது வயதுக் காரும் அன்றாட வேலையும்

எமது வீட்டுக்கு வருவோரிற் பலர் கையில் ஏதோவொரு கடிதத்தோடுதான் வருவர். உள்நாட்டமைச்சின் கடிதம், நகரசபையின் கடிதம், மருத்துவமனையின் கடிதம், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் என்று அவை பலவகைப்படும். ஊரில் ஒன்பது ஆண்டுகள் சரித்திரமும் தமிழும் படிப்பித்த பழக்கத்தினால், அவற்றை வாசித்து, இன்ன திகதிக்குள் இன்னது செய்யவேண்டும் என்று எடுத்துக் கூறுவது எமது மாலைநேரப் பணியாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு யனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், ஈஸ்ற்ஹாமில் எமக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் அன்பர் ஒருவர் வந்து மூன்று கடித உறைகளை மேசைமீது வைத்தார். எம்மிலும் ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணை என்றே அவரை அழைப்போம்.

"மாஸ்ரர், பெடியன் சீட்டுக்காசை எடுத்து ஒரு கிழட்டுக் கார் வாங்கிப்போட்டான். வாங்கி ஒரு மாதம் ஆகேல்லை, அதுக்குள்ளை இது மூண்டும் வந்திட்டுது. என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ," என்றார்.

மூன்றும் தண்டப்பண அறிவித்தல்கள். யூலெஸ் என்று எல்லோரும் சொல்லுகின்ற, புகைகுறைந்த வாகனங்களுக்கான வலயத்துக்குட் கட்டணம் செலுத்தாமல் ஓடியமைக்காக வந்தவை. ஓடியவர் அண்ணையின் மகன். ஓடிய வாகனம் 1973ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கைகள், மடக்கி வைக்கக்கூடிய துணிக்கூரை, நாலடிக்குச் சற்றே கூடிய உயரம். வாரவிடுமுறையில் வெயில் எறித்தாற் கடற்கரைக்குப் போய்வரவென்று வெள்ளைக்காரர் வீட்டுக் கொட்டிலில் மூடி வைத்திருக்கும் சாதி. அதிலே இந்த இளைஞன் கிழமைக்கு ஐந்து இரவுகள் வேலைக்குப் போய்வந்தான்.

வேலை பாசில்டனிலுள்ள ஒரு களஞ்சியசாலையில். இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறுக்கு முடியும். ஈஸ்ற்ஹாமிலிருந்து ஏ 13 பெருந்தெருவால் ஏறக்குறைய 22 மைல். போகவர 44. முகவர் நிலையமொன்றின் மூலம் கிடைத்த வேலையாதலால் நிரந்தரமில்லை. பிந்திப் போனால் அடுத்த கிழமை அழைப்பு வருமோ வராதோ என்ற நிலை. போகும்போது இரயில் உண்டு. இறங்கியபின் தொழிற்பேட்டைக்கு அந்நேரத்தில் பஸ் இல்லை. அதனாற் கார் இல்லாமல் அந்த வேலை இல்லை. இரவு வேலை என்றாலே அண்ணைக்கு நெஞ்சு எரியும். 1999இல் இந்நாட்டுக்கு வந்த நாள்முதல் 14 ஆண்டுகள் பெற்றோல் நிலையங்களில் இரவிரவாக நின்றவர் அவர். தம் மகனாவது இருட்டில் உறங்கி வெளிச்சத்தில் வேலைக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

இந்தப் பழைய காரை ஏன் வாங்கினான் என்று கேட்டபோதுதான் கதை விளங்கிற்று. அதற்கு முன் அவனிடமிருந்தது 1994ஆம் ஆண்டு மஸ்டா எம்.எக்ஸ்.5. முன்விளக்குகள் கண்ணிமை திறப்பதுபோல மேலெழும்பும் வகை. யப்பானியர் 1989இல் அதனை வெளிக்கொணர்ந்தபோது, ஆங்கிலேயரின் பழைய இரட்டையிருக்கைக் கார்களின் சுவையை, ஒழுகாத, வழியில் நிற்காத ஒரு வாகனத்திலே தரவேண்டும் என்பதே அவர்களின் நோக்கமாயிருந்தது. நோக்கம் பலித்தது, 2016க்குள் 10 இலட்சம் செய்து முடித்தார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் நாள்தோறும் நெடுந்தூரம் போக விரும்புவோருக்கு அதனிலும் பொருத்தமானது வேறில்லை என்று, வாகனம் அறிந்தவர்கள் எம்மிடமும் கூறியிருக்கின்றார்கள். மூன்று ஆண்டுகள் ஒருநாளும் அவனை அது தெருவில் விடவில்லை.

அதனைக் கெடுத்தது இயந்திரமன்று, சட்டம். 2019 ஏப்ரலில் நகரின் நடுவே தொடங்கிய யூலெஸ், 2021 ஒக்ரோபர் 25ஆம் திகதி வடக்குத் தெற்குச் சுற்றுவீதிகள் வரைக்கும் விரிந்தது. ஈஸ்ற்ஹாம் அந்த எல்லைக்கு உள்ளே அகப்பட்டது. (2023 ஓகஸ்ட் 29 முதல் இலண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளும் உள்ளே வந்துவிட்டமை வாசகர் அறிந்ததே.) பெற்றோற் கார் யூரோ 4 என்னும் புகைத்தரத்தை எட்டவேண்டும். பொதுவாக 2006க்குப் பின் பதியப்பட்டவை எட்டும்; அதற்கு முற்பட்டவற்றிற் சிலவும் எட்டுவதுண்டு. ஆகவே பழைய கார் வைத்திருப்போர் ஆண்டை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல், பதிவிலக்கத்தைக் கொடுத்து இலண்டன் போக்குவரத்து அமைப்பின் பக்கத்திற் பரிசோதிப்பதே முறை. எட்டாத காருக்கு நாளொன்றுக்கு 12 பவுண் 50 பென்ஸ்.

இங்கே இரவு வேலையாளருக்கு ஒரு பொறி இருக்கின்றது. கட்டணத்துக்குரிய நாள் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரவு ஒன்பதுக்குப் புறப்பட்டுக் காலை ஏழுக்கு வீடு திரும்புபவர் ஒரு வேலைக்கு இரண்டு நாட்கட்டணம் செலுத்துகிறார். ஞாயிறு இரவு தொடங்கி வெள்ளி காலை முடியும் ஐந்து இரவுகளுக்கு ஆறு நாட்கள். கிழமைக்கு 75 பவுண். ஆண்டில் 46 கிழமை வேலை என்று கொண்டால் 3,450 பவுண். நாம் கலைப்பட்டதாரி, கணக்கில் வலியரல்லர். ஆயினும் இதனை மூன்றுமுறை பெருக்கிப் பார்த்தோம். விடை மாறவில்லை. களஞ்சியசாலையிற் பெட்டி சுமந்து பெறும் சம்பளத்தில் அது எத்தனை இரவுகளை விழுங்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாற் சட்டத்தில் இன்னொரு வாயிலும் இருந்தது. செய்யப்பட்டு 40 ஆண்டுகள் நிறைந்த வாகனம் வரலாற்று வாகனம் என்னும் வரிவகுப்பிற் பதியப்பட்டால் யூலெஸ் கட்டணம் இல்லை, வீதிவரியும் இல்லை. 2018 மே முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத அத்தகைய வாகனத்துக்கு எம்.ஓ.ரி. பரிசோதனையும் கட்டாயமில்லை. இளைஞன் இதை எங்கோ கேட்டறிந்தான். எம்.எக்ஸ்.5ஐ வலயத்துக்கு வெளியே வசிக்கும் ஒருவருக்கு விற்றான். தான் கட்டிவந்த சீட்டை எடுத்து எம்.ஜி.பி.யை வாங்கினான்.

அவன் கவனிக்காமல் விட்டது ஒரு சொல்லை: "பதியப்பட்டால்". காருக்கு 48 வயது என்பதனால் மட்டும் சலுகை தானாக வந்துவிடாது. முன்னைய உரிமையாளர் அதனை ஓடாமல் நிறுத்தி வைத்திருந்தபடியாற் பதிவுப் பத்திரத்தில் அது இன்னும் சாதாரணப் பெற்றோற் கார் என்றே இருந்தது. கமராவுக்குத் தெரிந்தது அதுவே. மறுநாளே பதிவுப் பத்திரத்தோடு தபாற் கந்தோருக்குச் சென்று வரிவகுப்பை மாற்றினோம். வரி பூச்சியமாயினும் ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கவேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். வந்த தண்டங்களுக்கு வாதாட நியாயம் எதுவும் இருக்கவில்லை. பதினான்கு நாட்களுக்குட் கட்டினாற் பாதித்தொகை என்பதால் மூன்றையும் அண்ணை தம் கையாற் கட்டினார். கட்டும்போது ஒன்றும் பேசவில்லை. அதுதான் மகனுக்கு உறைத்தது.

நடுநகரின் நெரிசற் கட்டணத்துக்கு இந்த விலக்கு இல்லை என்பதையும் பலர் அறிவதில்லை. பாசில்டனுக்குப் போகிறவருக்கு அது பொருட்டன்று. மத்திய இலண்டனில் வேலை செய்வோர் மனங்கொள்ளவேண்டும்.

தண்டம் முடிந்தபின் காப்புறுதிப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி வாசித்தோம். நல்லவேளை வாசித்தோம். பழங்கார்களுக்கென்று மலிவாகக் கிடைக்கும் காப்புறுதி அது. ஆண்டுக்கு 3,000 மைலுக்கு மேல் ஓடக்கூடாது. வேலைக்குப் போய்வரும் பயணம் உள்ளடங்காது. இவனோ நாளுக்கு 44 மைலாக, ஆண்டில் 230 இரவுகளுக்கு 10,120 மைல் ஓடுபவன். விபத்தொன்று நேர்ந்திருந்தாற் கார் மட்டுமா போயிருக்கும்? உரிய காப்புறுதி இல்லாமல் ஓட்டியது குற்றமாகி, ஓட்டுநர் பத்திரத்தில் ஆறு புள்ளிகள் விழுந்திருக்கும். நாலைந்து இடங்களிற் கேட்டு, வேலைப்பயணத்தையும் மைல்களையும் மறைக்காமற் சொல்லிப் புதிய பத்திரம் எடுத்தான். முன்னையதிலும் இருமடங்கு பணம். பழங்கார் வைத்திருக்கும் பிள்ளைகளுள்ள பெற்றோர், தயவுசெய்து இந்தச் சிறிய எழுத்தை ஒருமுறை வாசிக்கச் செய்யுங்கள்.

அண்ணையின் வாதம் எளிமையானது. ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் பவுணுக்குள், 2007ஆம் ஆண்டளவிலான ஒரு சின்ன ரொயோட்டா வாங்கலாம். யூலெஸ் இல்லை. கலனுக்கு 50 மைல் ஓடும். கூரை ஒழுகாது. "வேலைக்குப் போறதுக்குக் கார். சோடிச்சுப் பாக்கிறதுக்கு இல்லை," என்பார். நாமும் அவர் பக்கமே நின்று இளைஞனிடம் பேசினோம். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டு, "மாஸ்ரர், எட்டு மணித்தியாலம் காதிலை ஒரு மெசின் சொல்லச் சொல்லப் பெட்டி எடுக்கிறன். எந்தத் தட்டு, எத்தினை செக்கன் எல்லாம் அதுதான் சொல்லும். போகேக்கை, வரேக்கைதான் நான் நினைச்சபடி ஒண்டு செய்யிறன்," என்றான்.

இதற்கு மறுமொழி எம்மிடம் இருக்கவில்லை. ஆகவே ஒருநாள் அவனோடு கூடப் போய்ப் பார்ப்பது என்று முடிவுசெய்தோம்.

அந்தப் பயணத்தை நாம் மறக்கமாட்டோம். முதலிற் காருக்குள் இருப்பதே ஒரு வித்தை, ஏறுவதன்று, இறங்குவது. சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டு, மெதுவாக அடங்கிற்று. எண்ணெய் இழுக்கும் மின்பம்பி என்றான். இருக்கைக்குப் பின்னே தரைக்கடியில் ஆறு வோல்ற் பற்றறிகள் இரண்டு. கியர் நான்கு, அவற்றோடு ஓவர்டிறைவ் என்ற ஒரு மேலதிக வசதி. அது இல்லாவிட்டால் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,900 சுற்றளவிற் கத்தும்; அதனைப் போட்டால் 3,200 அளவுக்கு இறங்கும். நெடுந்தூரம் போகிறவர் அது பொருத்திய காரையே வாங்கவேண்டும் என்பதை எமது காதுகளே எமக்கு உணர்த்தின.

பார்க்கிங் தாண்டி, டகன்ஹாமின் போட் தொழிற்சாலையைக் கடந்து, ரெயின்ஹாம் சதுப்புநிலத்தின் மேலாக உயர்ந்து செல்லும் தெருவில் ஏறியபோது, ரில்பரித் துறைமுகத்து லொறிகள் இருபுறமும் வந்தன. அவற்றின் சக்கரங்கள் எமது கண்மட்டம் வரை உயர்ந்திருந்தன. அந்தக் காரிற் காற்றுப்பை இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் பிறேக் இல்லை. லொறிச் சாரதி எம்மைக் காண்கிறாரா என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சூடாக்கி கால்விரல்களை மட்டும் சுட்டது, கண்ணாடி மூடுபனியாயிற்று, அவன் ஒரு துணியாற் துடைத்தபடி ஓட்டினான். நாம் கந்தனை நினைத்துக்கொண்டோம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவனை நாம் பல ஆண்டுகளாக அறிவோம். அந்த முக்கால் மணித்தியாலத்திற் பேசியளவு அவன் எம்மோடு ஒருபோதும் பேசியதில்லை.

திரும்பி வந்து அண்ணையிடம் அந்த எஞ்சினைப் பற்றிச் சொன்னபோதுதான், அவர் அதுவரை அதன் மூடியைத் திறந்தே பார்க்கவில்லை என்பது தெரிந்தது. எம்.ஜி. என்பது மொறிஸ் கராஜ் என்பதன் சுருக்கம். எமது ஊரில் அரைவாசிப் பேருக்குத் தெரிந்த மொறிஸ் மைனரும் அதே குடும்பம். எம்.ஜி.பி.யின் 1,798 கன சென்ரிமீற்றர் எஞ்சின், பி.எம்.சி. கொம்பனியின் பி வரிசையைச் சேர்ந்தது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் கார்களில் ஓடியது அதன் மூத்த சகோதரம். இந்தியாவில் 2014 வரைக்கும் செய்யப்பட்ட அம்பாசிடரும் அந்த வரிசையின் 1,489 எஞ்சினோடு நெடுங்காலம் ஓடியதுதான். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை, கிளைவகைகளும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. உதிரிப்பாகங்கள் இன்றும் தட்டுப்பாடின்றிக் கிடைப்பதற்கு அந்தத் தொகையே காரணம்.

அண்ணை யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் வேலை பழகியவர். 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை, பற்றறி வரவில்லை, மின்சாரமும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. ஆனாலும் கார்கள் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாதாகையாற் குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. சிறு போத்தலிற் பத்திரப்படுத்திய பெற்றோலைக் காபரேற்றருக்குக் கொஞ்சம் கொடுத்து இயக்கி, எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய ஆங்கில எஞ்சின்கள் இதற்கு இணங்கின. அமுக்கம் கூடியவை தட்டித் தட்டி மூச்சுத் திணறின. பிரித்தானியாவின் வயல்களிலேயே பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை இவ்வாறு பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்ச் சாதியான எரிபொருளுக்கு மாறி ஓடியது என்பதை இங்கு வந்தபின்னரே நாம் அறிந்தோம். எமது கராஜ்காரர் அதனை நூலிற் படித்துச் செய்யவில்லை. நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழியில்லாமற் செய்தார்கள். இந்த இளைஞன் 1993இல் பிறந்தபோது அவனது தாயைக் கொண்டுபோனதும் அப்படியொரு மொறிஸ் மைனர்தான்.

2022 பெப்ரவரி மாதத்து இரவொன்றில், ஒன்பதரை மணியளவில், அண்ணை எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். கார் ரெயின்ஹாமருகே நின்றுவிட்டது. அவன் எப்படியோ பக்கத்தெருவுக்குள் உருட்டிவிட்டான். துணைக்கு வாருங்கள் என்றார். மகன் அதற்குமுன் இருமுறை வேலைக்குப் பிந்தியிருந்தான். மூன்றாவதுமுறை பொறுக்கமாட்டார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போகும் வழி முழுவதும் அண்ணை காரை ஏசிக்கொண்டே வந்தார். இறங்கியதும் ஏச்சை நிறுத்தி, "சாவியைத் திருப்பு," என்றார். திருப்பினான். காதைக் கொடுத்தார். டிக் டிக் சத்தம் கேட்கவில்லை.

"பம்பி ஒட்டிக்கொண்டுது," என்று சொல்லி, நனைந்த தரையிற் படுத்து, பின் வலச்சக்கரத்துக்கு முன்னே கையை விட்டு, சக்கரம் கழற்றும் சாவியால் இரண்டு தட்டுத் தட்டினார். டிக், டிக், டிக், டிக். எஞ்சின் உடனே பற்றிக்கொண்டது. மொறிஸ் மைனரிலும் இதே எஸ்.யூ. பம்பிதான், அதன் உள்ளேயிருக்கும் தொடுமுனைகள் கருகினால் இவ்வாறு நின்றுவிடும், தட்டினால் ஓடும். முப்பது ஆண்டுகளாக அவர் அப்படியொரு பம்பியைத் தொட்டதில்லை. எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டு, "ஓடு, நேரம் போகுது," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவன் இருபத்தைந்து நிமிடம் பிந்தினான். அடுத்த கிழமை ஐந்து இரவுக்குப் பதிலாக மூன்று இரவே கிடைத்தது. வேலை முற்றாகப் போகாதது அதிர்ஷ்டம்.

அடுத்த சனிக்கிழமை அண்ணை காரின் கீழே கிடந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். பம்பியை மாற்றினார்கள். எரிபொருட் குழாய்களையும் மாற்றினார்கள்; 2021 செப்ரெம்பர் முதல் இந்நாட்டின் சாதாரணப் பெற்றோலில் நூற்றுக்குப் பத்துவரை எதனோல் கலக்கப்படுகின்றது, பழைய றப்பரை அது தின்றுவிடும். ஈ5 என்று குறித்த விலைகூடிய பெற்றோலையே அதன்பின் அடித்தான். முன்சக்கரங்களின் மூட்டுகளுக்குக் கிறீஸ் அடிப்பது, காபரேற்றரின் மேற்கிண்ணத்துக்கு எண்ணெய் விடுவது, தண்ணீர் பார்ப்பது எல்லாம் வாராவாரம் நடந்தன. சட்டம் கேட்காவிட்டாலும் எம்.ஓ.ரி. பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். கதவுக்குக் கீழுள்ள ஓரப்பெட்டியில் துரு இருப்பது அங்கேதான் தெரியவந்தது. எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் கிடையாது. அந்த ஓரப்பெட்டிதான் காரை நிமிர்த்தி வைத்திருப்பது. அது உக்கினால் மேலே எவ்வளவு மினுக்கினாலும் பயனில்லை. ஆண்டுதோறும் பத்தாயிரம் மைற் கணக்கில் ஓடும் பழைய காருக்கு எம்.ஓ.ரி. வேண்டாம் என்று சட்டம் விட்டிருப்பது எமக்குச் சரியாகப் படவில்லை.

முதலாண்டு முடிவில் மூவரும் மேசையில் இருந்து கணக்குப் பார்த்தோம். பழுதுபார்ப்புக்கும் பாகங்களுக்கும் 1,900 பவுண். கலனுக்கு 25 மைலாக நாளொன்றுக்கு 8 லீற்றர், ஆண்டுக்கு 1,840 லீற்றர் பெற்றோல்; சின்ன ரொயோட்டாவாயின் அதில் அரைவாசி. லீற்றர் ஒன்றரைப் பவுண் என்று வைத்தாலே 1,380 பவுண் மேலதிகம். யூலெஸ் கட்டி எம்.எக்ஸ்.5ஐ ஓட்டியிருந்தால் வந்திருக்கும் செலவோடு ஒப்பிட்டாற் கொஞ்சம் மிச்சம். ரொயோட்டாவோடு ஒப்பிட்டால் நட்டம், ஐயமில்லாத நட்டம். பணக்கணக்கில் அண்ணை சொன்னதே சரியென்று மகன் ஒப்புக்கொண்டான். வென்ற அண்ணையின் நகக்கண்ணில் அப்போது கிறீஸ் அழுக்கு இருந்தது.

எமக்கு நெருடலாயிருந்தது வேறொன்று. 1994ஆம் ஆண்டுக் காரிற் புகையைச் சுத்திகரிக்கும் கருவி உண்டு. 1973ஆம் ஆண்டுக் காரில் அது இல்லை. ஆனாற் கட்டணம் முன்னதற்கு, விலக்கு பின்னதற்கு. வரலாற்று வாகனங்கள் தொகையிற் குறைவு, தெருவுக்கு வருவதும் அரிது என்ற எண்ணத்தில் வைத்த விலக்கு அது. நாள்தோறும் ஓடுபவருக்காக வைத்ததன்று. 2013 பெப்ரவரியில் லூயிஷாமில் இறந்த ஒன்பது வயதுச் சிறுமி எல்லா கிஸி-டெப்ராவின் மரணத்துக்கு வாகனப் புகையால் மாசடைந்த காற்றும் ஒரு காரணம் என்று 2020 டிசெம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிந்தார். அவளது வீடு தெற்குச் சுற்றுவீதிக்கு அருகில் இருந்தது. எமது பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளிற் பல அத்தகைய தெருக்களின் ஓரத்திலேதான் இருக்கின்றன. இதனை இளைஞனிடம் சொன்னோம். "தெரியும் மாஸ்ரர், அக்காவின்ரை பிள்ளையும் பம்ப் அடிக்கிறாள்," என்றான். சட்டம் தருகின்ற சலுகையை எடுக்காதே என்று கிழமைக்கு 75 பவுண் கட்டமுடியாதவனிடம் நாம் எப்படிச் சொல்வது? கேட்டதோடு நின்றுவிட்டோம்.

2022 நவம்பரில் அவன் ஒரு ரொயோட்டாவும் வாங்கினான். அண்ணை சொன்ன விலையில், அண்ணை சொன்ன வகை. தெருவுக்கு உப்புத் தூவும் மாதங்களில் அதிலே போவது, ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரைக்கும் எம்.ஜி.பி. என்று இருவரும் உடன்பட்டார்கள். இப்போது அவன் அதே களஞ்சியசாலையில் நிரந்தரமாகப் பகல் வேலை செய்கிறான். இரு கார்களுக்கும் வீட்டின் முன் இடம் பிடிப்பதுதான் மிஞ்சியிருக்கும் பிரச்சினை. அதற்கும் நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றோம்.

எம்.ஜி.பி.யின் பின்பெட்டியில் காற்றாடிப் பட்டி, தீப்பொறி முனைகள், குழாய்த்துண்டு, கம்பி, ஒரு சிறு சுத்தியல் ஆகியன எப்போதும் இருக்கும். மண்ணெண்ணெய்க் காலத்துப் பழக்கமாக அண்ணை அரைப்போத்தல் பெற்றோலும் வைத்தார். அது ஆபத்து என்று மகன் எடுத்துவிட்டான். அதற்கு ஒருநாட் சண்டை. இந்தச் சனிக்கிழமை பின்சக்கரப் பிறேக்கைக் கழற்றப்போகின்றார்களாம். ரோச் பிடிக்க எம்மை வரச் சொல்லியிருக்கின்றார்கள்.